இரண்டாம் இடைவெளி

அன்று பிற்பகல் அந்தப் பழைய இசைத்தட்டுக் கடையின் உள்அறையில் நான்கு பேர் இருந்தார்கள். கடைக்காரர் பிளேயருக்குப் பக்கத்தில், கால் ஆடுகிற முக்காலியில். மருந்துக்கடைக்காரர் சுவரோரத்து சோபாவில், அதில் மிச்சமிருந்த ஒரே நல்ல ஸ்பிரிங்கின் மேல். பல் டாக்டரம்மா எதிரே பிரம்பு நாற்காலியில், செருப்பைக் கழற்றிவிட்டு, கால்களை மடக்கிக்கொண்டு. குமாஸ்தா கதவை ஒட்டிய மர நாற்காலியில், மடியில் நோட்டும் கையில் பென்சிலுமாக, ஜன்னலுக்கு முதுகு காட்டி. அந்த ஜன்னல் திறக்க முடியாத கண்ணாடி. அதற்கு அப்பால் ஒரு சாண் தள்ளிப் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். நடுவில் ஆள் நிற்க இடமில்லை.

நான்கு பேர்தான். பிற்பாடு குமாஸ்தா இதைப் பலமுறை எண்ணிப் பார்த்தார்.

மாதத்தில் இரண்டு சனிக்கிழமை அவர் ஏதாவது ஓர் ஊருக்குப் பஸ் ஏறிவிடுவார். போவதற்கு நான்கு நாள் முன்பே கடைக்காரருக்கு ஓர் அஞ்சலட்டை எழுதி, தனக்கு வேண்டிய தட்டுகளை எண் போட்டுக் கேட்டிருப்பார். கடைக்காரர்களுக்கு அந்த அட்டைகள் ஒரு வேடிக்கை. ஆனால் அவர் போய்ச் சேரும்போது கேட்ட தட்டுகள் தூசி தட்டி மேசைமேல் இருக்கும். மூன்று மணி நேரப் பயணத்தின் அலுப்பு, அந்த அட்டை உறைகளின் பழைய பசை வாசனை மூக்கில் ஏறியதும் போய்விடும்.

"சாரைப் பாருங்க, இப்ப கண்ணை மூடிப்பாரு. பாட்டு வந்தா தூங்குவாரு, பாட்டு நின்னா முழிச்சிப்பாரு" என்றார் மருந்துக்கடைக்காரர். "சம்பளத்தை வேணாம்னுட்டு கவரை மட்டும் வாங்கிட்டுப் போற ஆளு இவரு ஒருத்தர்தான்."

"நீங்க வாங்கற தட்டெல்லாம் எண்ணெய்ல பொரிச்ச மாதிரி சத்தம் போடுதே, அது எதனாலன்னு நினைக்கிறீங்க?" என்றார் டாக்டரம்மா. "அவர் கேக்கறதுதான் சரி. நானும் வலிக்கற பல்லை விட்டுட்டுப் பக்கத்துப் பல்லைத்தான் முதல்ல தட்டிப் பார்ப்பேன்."

குமாஸ்தா சிரித்துக்கொண்டார். அவர் முறை அதுதான். பழைய தட்டின் தேய்மானத்தைப் பாட்டு மறைத்துவிடும். இரண்டு பாட்டுக்கு நடுவில் வருகிற அந்த நான்கு விநாடி மௌனம்தான் உண்மையைச் சொல்லும். அங்கே கேட்கிற இரைச்சல், சொடுக்கு, கீறல் எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொண்டு அதை வைத்தே வாங்குவதா வேண்டாமா என்று முடிவுசெய்வார்.

கடைக்காரர் விரலை உதட்டில் வைத்தார். பக்கம் முடியும் வரை யாரும் பேசவும் கூடாது, எழுந்திருக்கவும் கூடாது என்பது அந்தக் கடையின் சட்டம். முள் இறங்கியது.

முதல் பாட்டு முடிந்தது. இடைவெளி சுத்தமாக இருந்தது. இரண்டாவது பாட்டு முடிந்தது. இடைவெளி. மெல்லிய இரைச்சல், தூரத்து மழைபோல. அதற்குள், எங்கோ அடியில், மூன்று தட்டு.

டக். டக். டக்.

குமாஸ்தாவின் பென்சில் நின்றது. கீறல் என்றால் தட்டு சுற்றுகிற வேகத்துக்கு ஏற்ப ஒரே சீராக வரும். இது சீராக இல்லை. முதல் இரண்டும் அடுத்தடுத்து, மூன்றாவது சற்றுத் தாமதித்து, அலுத்துப்போன மாதிரி. பாட்டு தொடங்கிவிட்டது.

பக்கம் முடிந்ததும் கேட்டார். "ரெண்டாவது இடைவெளியில ஏதோ தட்டுச்சே?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றார் டாக்டரம்மா. கடைக்காரர் முள்ளைத் தூக்கி அதே இடத்தில் வைத்தார். இரைச்சல் மட்டும் வந்தது.

"பக்கத்துல வேலை ஏதும் நடக்குதா?"

"சனிக்கிழமை சார். அந்தப் பக்கம் எல்லாம் பூட்டிக் கெடக்கு."

அடுத்த தட்டு. வேறு கம்பெனி, வேறு வருடம், வேறு பாடகர். குமாஸ்தா இந்த முறை கண்ணை மூடவில்லை. பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது, அது முடிந்துவிடக் கூடாது என்று அவர் வாழ்க்கையில் முதல்முறையாக நினைத்தார். முடிந்தது. இரண்டாம் இடைவெளி வந்தது.

டக். டக். டக். டக். டக்.

விரல் கணு மரத்தில் படுகிற சத்தமில்லை இது. உள்ளங்கையின் அடிப்பாகம் கண்ணாடியில் படுகிற சத்தம். சிறிய கை.

அவருக்கு அந்தச் சத்தம் தெரியும். பதினொரு வருடமாகத் தெரியும்.

அப்போது அவரிடம் ஒரு கார் இருந்தது. அக்கா மகனுக்கு ஐந்து வயது. சட்டை பட்டனை எப்போதும் ஓட்டை மாற்றிப் போடுவான் என்பதால் வீட்டில் அவன் பெயரே பட்டன் என்று ஆகிவிட்டது. அக்காவுக்கு வேலை நாள். "சும்மா ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போடா, வீட்டை ரெண்டாக்கறான்" என்று அவள்தான் அனுப்பினாள். அவர் அவனை வேறோர் ஊரின் கடைக்குக் கூட்டிப்போனார். வழியிலேயே பட்டன் பின்சீட்டில் தூங்கிவிட்டான். எழுப்ப மனசு வரவில்லை. மரநிழல் பார்த்து நிறுத்தினார். ஓடுகிற காரில் ஒருமுறை அவன் கதவைத் திறந்துவிட்டதால், பின்கதவுகள் உள்ளிருந்து திறக்காதபடி முந்தின வாரம்தான் பூட்டு மாற்றியிருந்தார். கண்ணாடிகளை முழுக்க ஏற்றினார். ஊர் தெரியாத ஊர், யாராவது உள்ளே கையை விட்டால்? எல்லாம் ஜாக்கிரதையாகத்தான் செய்தார்.

பத்து நிமிடம் என்று நினைத்துப் போனார். ஒரு பக்கம் கேட்டார். மறுபக்கம் கேட்டார். மரநிழல் நகர்ந்துவிடும் என்பது அவருக்குத் தோன்றவேயில்லை.

பிறகு எல்லோரிடமும் அவர் சொன்னது ஒன்றுதான்: தூக்கத்திலேயே போய்விட்டான், முழிக்கவே இல்லை, எதுவும் தெரிந்திருக்காது. அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அக்கா எழுந்து நடமாடினாள்.

அவர் யாரிடமும் சொல்லாதது இது. அந்தக் கடையின் ஜன்னல், கார் நின்ற தெருப்பக்கம் இருந்தது. இரண்டாம் இடைவெளியில் அவருக்கு மூன்று தட்டு கேட்டது. நோட்டில் எழுதினார்: 'இரண்டாம் இடைவெளி. மூன்று தட்டு. வேண்டாம்.' தட்டை உறையில் போட்டு ஓரமாக வைத்தார்.

அடுத்த தட்டைப் போடச் சொன்னார்.

ஒரு வருடம் அந்தப் பக்கமே போகாமல் இருந்தார். காரை விற்றார். இசைத்தட்டையெல்லாம் தலைமுழுகிவிட்டேன் என்று அக்காவிடம் சொன்னார். பிறகு ஒரு சனிக்கிழமை ஆபீஸ் வேலை என்று சொல்லிப் பஸ் ஏறினார். அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை. முதல் பாட்டில் இப்போதும் அவருக்கு உடம்பு சிலிர்க்கும். அதுதான் வெட்கம். அந்தப் பிற்பகலுக்குப் பிறகும் அவருக்குச் சந்தோஷம் வருகிறது.

சட்டைப் பையில் அக்காவின் கடிதம் இருந்தது. நேற்று வந்தது. மூன்றே வரி.

'வர்ற வெள்ளிக்கிழமை எனக்கு ஆபரேஷன். அதுக்கு முன்னாடி ஒண்ணு தெரிஞ்சுக்கணும் தம்பி, பட்டன் முழிச்சானா? போன்ல கேட்டா நீ குரலை மாத்திப்ப, அதனால எழுது.'

"உங்களுக்கு முகமே சரியில்ல" என்றார் டாக்டரம்மா. "தண்ணி வேணுமா?"

"இங்க ரொம்பப் புழுக்கமா இருக்கு."

"ஏசி ஓடுது சார்" என்றார் கடைக்காரர். "நான் ஸ்வெட்டர் எடுக்கலாமான்னு பார்க்கறேன்."

குமாஸ்தா காலரைத் தளர்த்திக்கொண்டார். கழுத்து நனைந்திருந்தது. "இடைவெளியே இல்லாத தட்டு ஏதாவது இருக்குதா? ஒரு பக்கம் முழுக்க ஒரே வாத்தியம்?"

"அடேயப்பா" என்றார் மருந்துக்கடைக்காரர். "சார் பாட்டுக் கேக்கறதுன்னு முடிவு பண்ணிட்டாரு. தேதியைக் குறிச்சு வைங்கப்பா."

கடைக்காரர் தேடி எடுத்துப் போட்டார். இருபத்திரண்டு நிமிடம், ஒற்றை வயலின். எங்கும் நிற்காமல், மூச்சுவிட இடமில்லாமல், ஒரு சுரத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு அடுத்த சுரம் என்று அது போய்க்கொண்டேயிருந்தது. குமாஸ்தா அதன் ஒவ்வொரு இழையையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வயலினுக்கு அடியில் வேறு ஏதோ வாசனை வந்தது. வெயிலில் காய்ந்த ரெக்ஸின் சீட்டு. இளகின மிட்டாய். குழந்தையின் வியர்வை. அவர் மற்றவர்களைப் பார்த்தார். டாக்டரம்மா முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டிருந்தார்.

வயலின் மெலிந்தது. நின்றது.

முள் கடைசி வளையத்துக்கு வந்து சேர்ந்தது. எந்தத் தட்டிலும் பாட்டெல்லாம் முடிந்த பிறகு முள் வெளியேறாமல் சுற்றிச்சுற்றி வருகிற வளையம் அது. யாராவது கைவைத்துத் தூக்கும் வரை வந்துகொண்டேயிருக்கும். ஒரு சுற்றுக்கு இரண்டு விநாடிகூட இல்லை. மூச்சு ஒன்றுக்குப் போதும். சின்னதாக இரண்டு சொல்லுக்குப் போதும்.

மாமா, சுடுது.

மாமா, சுடுது.

கடைக்காரர் கண்ணை மூடி வயலினிலேயே இருந்தார். முள்ளைத் தூக்கவில்லை.

மாமா, சுடுது.

கோபமில்லை. அழுகையில்லை. எழுந்து வந்து கதவைத் திறப்பார் என்று நம்புகிற குரல். மாமா நல்லவர் என்று நம்புகிற குரல்.

மாமா, சுடுது.

அவர் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

திரும்பவில்லை. எண்ணினார். முக்காலி. சோபா. பிரம்பு நாற்காலி. மர நாற்காலி. நான்கு. அவர் கழுத்தில் சூடான மூச்சு பட்டது. ஐந்து.

சட்டத்தை மீறி எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"சார், உங்க நோட்டு" என்று யாரோ கூப்பிட்டது தெருவுக்கு வந்த பிறகும் கேட்டது.

தபால் ஆபீஸ் தெருமுனையில்தான். சாயங்காலக் கட்டு ஐந்து மணிக்குப் போகும் என்று கவுண்டர் அம்மா சொன்னார். காகிதமும் உறையும் வாங்கிக்கொண்டு, மை கொட்டின சாய்வு மேசை முன்னால் நின்றார்.

குமாஸ்தாவின் கையெழுத்து ஆபீஸில் பெயர்போனது. இரண்டு சொல்லுக்கு நடுவே ஒரு விரல் இடம் விட வேண்டும் என்று நாலாம் வகுப்பு வாத்தியார் விரலை வைத்துப் பழக்கியது. உண்மையை எழுதிவிடுவது என்று முடிவுசெய்துதான் பேனாவைத் திறந்தார்.

'அக்கா,' என்று எழுதி ஒரு விரல் இடம் விட்டார்.

டக்.

'அவன்'

டக்.

மேசைக்கு எதிரே கண்ணாடித் தடுப்பு. அதைப் பார்க்காமல் எழுதினார். 'முழிச்சான்'

டக். டக். டக். டக்.

இடம் விடாமல் எழுதிப் பார்த்தார். சொல்லோடு சொல்லை ஒட்டி, வரியோடு வரியை இடித்து. 'எனக்குக்கேட்டதுஅக்காநான்தான்எழுந்துபோகல.' எழுதி முடித்துப் படித்தார். அவர் கையெழுத்தா அது? அக்கா இதை ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சொல் சொல்லாகப் பிரித்துப் படிப்பாள். பிரிக்கிற ஒவ்வோர் இடத்திலும் அவளுக்கும் கேட்கும். வெள்ளிக்கிழமை மயக்கமருந்து கொடுக்கிற வரைக்கும் கேட்கும்.

அவளுக்காகத்தான் என்று சொல்லிக்கொண்டார். அந்தத் தாளை எட்டாகக் கிழித்தார். புதுத்தாள் எடுத்தார். ஒரு விரல் இடம்விட்டு, வட்டங்கள் வட்டமாக, கோடுகள் நேராக எழுதினார்.

'அக்கா, அவன் முழிக்கவே இல்லை. தூக்கத்தில்தான். தைரியமாகப் போ.'

சத்தம் நின்றது.

அவ்வளவு சட்டென்று நின்றதில் அவருக்குக் காது அடைத்ததுபோல் இருந்தது. மின்விசிறியின் ஓசை, கவுண்டரில் முத்திரை குத்துகிற ஓசை, அவற்றுக்கு நடுவில் வெறும் இடம். பதினொரு வருடத்தில் இப்படியொரு சுத்தமான மௌனத்தை அவர் கேட்டதில்லை. உடம்பில் வியர்வை ஆறியது. கடிதத்தை மூன்றாக மடித்து உறையில் போட்டு, பசையைத் தடவி, ஓரங்களை நகத்தால் இரண்டுமுறை அழுத்தி ஒட்டினார். விலாசம் எழுதித் தபால்தலை ஒட்டினார்.

வாசலில் தபால் வேன் கிளம்பத் தயாராக நின்றது. டிரைவர் பின்கதவைத் திறந்துவைத்துக் கடைசிப் பையைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரே ஒரு லெட்டர் தம்பி. அவசரம்."

"எல்லாரும் அவசரம்னுதான் சார் சொல்றாங்க. யாரும் அஞ்சு நிமிஷம் முன்னாடி வர்றதில்ல" என்றார் டிரைவர். வாங்கி விலாசத்தைப் பார்த்தார். "நம்ம ரூட்டுதான். திங்கக்கிழமை காலைல கையில இருக்கும்." பையின் வாய்க்குள் செருகினார். கதவைச் சாத்தினார். சாவியைத் திருப்பி, கைப்பிடியை இழுத்துப் பார்த்தார்.

"பூட்டிட்டீங்களா?" என்று குமாஸ்தா கேட்டார். ஏன் கேட்டார் என்று அவருக்கே தெரியவில்லை.

"உள்ளேர்ந்துகூடத் திறக்க முடியாது சார். கவலைப்படாமப் போங்க."

வேன் கிளம்பியது. பின்கதவில் ஒரு சதுரக் கண்ணாடி. சாயங்கால வெயில் அதில் முழுக்க அடித்தது. பத்தடி போவதற்குள் கண்ணாடி உட்பக்கமாக மங்கியது, யாரோ மூச்சுவிட்டதுபோல. அந்த மங்கலின் நடுவே ஒரு சின்ன உள்ளங்கை பதிந்தது. ஐந்து விரலும் விரிந்து. அதன் பக்கத்தில் இன்னொன்று.

குமாஸ்தா ஓடினார். கைகளுக்கு நடுவே நனைந்த தலைமுடி தெரிந்தது. பட்டன் மாற்றிப் போட்டதால் ஒரு பக்கம் ஏறிய காலர் தெரிந்தது. தலை உட்பக்கம் திரும்பியிருந்தது, முகம் தெரியவில்லை.

வேன் அக்காவின் ஊர்ச்சாலையில் திரும்பியது. அந்தத் தலை அவரைப் பார்க்கவே இல்லை. அது வேன் போகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது.