முப்பது நிமிட அடைப்பு

சகாயராணியின் நிகரி அன்று காலை மூன்றாவது முறையாகச் செத்தது.

திரையில் அவள் தலைக்குள் ஓடும் இரத்தம் சிவப்புக் கொடியாகப் படர்ந்திருந்தது. கழுத்தின் இடது தமனியை அடைத்ததும் மூளையின் ஒரு பாதி மெல்ல வெளிறியது. பன்னிரண்டாம் நிமிடம் நிகரியின் வலது கை தொப்பென்று விழுந்தது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்தது. ஓரத்தில் சிவப்பு எழுத்து மின்னியது: ‘தாங்காது.’

தூத்துக்குடியில் இப்போது சளிக்கு மாத்திரை என்றாலும் முதலில் நிகரிதான் விழுங்கும். ஒவ்வொருவர் உடலையும் அளந்து அளந்து கணினிக்குள் வளர்த்த இரட்டை அது. அதற்கு ஒத்துக்கொண்டால்தான் ஆளுக்கு வைத்தியம். எத்தனையோ உயிரை அது காப்பாற்றியிருந்தது. அதனால் யாரும் அதை எதிர்த்துப் பேசுவதில்லை.

சகாயராணி துறைமுகப் பைலட். நடுக்கடலில் கப்பல்களில் ஏறி, அவற்றைத் துறைக்குள் கொண்டுவந்து சேர்ப்பது அவள் வேலை. மூக்குக்குப் பின்னால் வந்த புற்றுநோயை ஆறு வருடத்துக்கு முன் கதிர்வீச்சில் கரைத்திருந்தார்கள். அது திரும்பி வந்து, இந்த முறை தமனியைச் சுற்றிக்கொண்டது. கதிர் பட்டுத் தளர்ந்த தமனி. கத்தி உரசினால் மேசையிலேயே இரத்தம் கொட்டிவிடும். அதை முன்கூட்டியே அடைத்துவிட்டால் கட்டியை எடுக்கலாம். ஆனால் அதன்பின் வலது தமனிதான் மூளையின் இரண்டு பக்கத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

“நிகரி வாரதுக்கு முந்தி என்ன செஞ்சாங்க, டாக்டர்?” என்றாள்.

“ஆளையே கேட்டாங்க” என்றார் டாக்டர் மெஹருன்னிசா. “தொடை வழியா குழாயை விட்டு, கழுத்துத் தமனிக்குள்ள சின்ன பலூனை ஊதி அடைப்போம். முப்பது நிமிஷம். நீங்க முழிச்சிருந்து பேசணும். நாக்கு குழறினா, கை இறங்கினா, உடனே பலூனைச் சுருக்கிடுவோம். ஆபத்தே இல்லைன்னு சொல்ல மாட்டேன். யாரும் செஞ்சு இருபது வருஷமாச்சு.”

“நீங்க செஞ்சிருக்கீங்களா?”

“படிக்கும்போது நாலு தடவை.”

“சும்மா இருந்தா எனக்கு எத்தனை மாசம்?”

டாக்டர் மூன்று விரலை நீட்டினார்.

“அப்போ ஊதுங்க.”

மறுவாரம், நிகரியின் மறுப்புக்குக் கீழே ‘என் பொறுப்பு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு டாக்டர் பலூனை ஊதினார். பக்கத்துத் திரையில் நிகரிக்கும் அதே நொடியில் அடைப்பு விழுந்தது.

“வலது கையைத் தூக்கியே வைங்க. எனக்கு ஒரு கப்பலை உள்ளே கொண்டுவாங்க.”

சகாயராணி சிரித்தாள். “முந்நூறு மீட்டர் கப்பல். கிழக்குக் காத்து. துறை வாயில்ல வேகத்தைக் குறைக்கேன். இழுவைப்படகு முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு…”

ஐந்து நிமிடம். எட்டு. பதினொன்று. டாக்டரின் விரல் பலூன் திருகின் மேலேயே இருந்தது.

பன்னிரண்டு. திரையில் நிகரியின் கை விழுந்தது.

“அவ கை விழுந்துட்டு, டாக்டர்.”

“உங்க கை?”

“வலிக்கி. ஆனா மேலதான் இருக்கு!”

நர்ஸ் கத்தியேவிட்டாள். திரையில் நிகரி செத்துக்கிடக்க, மேசையில் சகாயராணி கப்பலைத் திருப்பி, தளத்தோடு சேர்த்து, கயிறு போடச் சொல்லிக்கொண்டிருந்தாள். முப்பதாம் நிமிடம் டாக்டர் பலூனைச் சுருக்கினார்.

சில நாளில் பிளாட்டினச் சுருள் வைத்துத் தமனியை நிரந்தரமாக அடைத்தார்கள். அடுத்த வாரம் எட்டு மணி நேர அறுவை. கட்டி முழுதாக வெளியே வந்தது.

“இத்தனை வருஷமா நிகரி தப்பே பண்ணலையே, எனக்கு மட்டும் எப்படி?” என்று கட்டிலில் சாய்ந்தபடி கேட்டாள் சகாயராணி.

“எந்தப் படத்துலயும் தெரியாத நுண்குழாய் உங்களுக்கு வலதுலேருந்து இடதுக்கு இருந்திருக்கு.” என்றார் டாக்டர். “இன்னொண்ணு. தாங்காதுன்னு அது சொன்ன யாருக்கும் நாங்க செஞ்சு பார்த்ததே இல்லை. அப்புறம் அது தப்புன்னு எப்படித் தெரியும்?”

அவர் கையில் ஒரு பட்டியல் இருந்தது. இதே அடைப்பு மறுக்கப்பட்டவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். உயிரோடு இருப்பவர்கள் பத்தொன்பது.

“பாதியைக் குடுங்க. நான் பேசுதேன்.”

முதல் பெயர், கோவில்பட்டி தங்கப்பழம் வாத்தியார். அவள் போனில் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் துள்ளினார். “எனக்கும் சேதி வந்துட்டும்மா! என் நிகரி நேத்து பச்சை காட்டிட்டு. முப்பது நிமிஷமும் தாங்குதாம்!”

அது டாக்டர் காதிலும் விழ, அவர் அவசரமாகத் தன் திரையைத் திறந்தார். பத்தொன்பது பேருக்கும் பச்சை. சகாயராணியின் சோதனையைப் பாடமாக எடுத்துக்கொண்டு, அவளுக்கு இருந்த நுண்குழாயை, மற்றவர்களுக்கு இருக்கிறதா என்று பார்க்காமலே, எல்லோர் தலைக்குள்ளும் நிகரிக் கணினி வரைந்து வைத்திருந்தது.

“வாத்தியாரே, முதல்ல பலூன் வச்சுப் பாக்கச் சொல்லுங்க” என்றாள் சகாயராணி.

“அது எதுக்கும்மா? நாளைக்குக் காலையில நேரா சுருளே வச்சு அடைக்காங்க. நிகரி என்னைக்காவது தப்பாச் சொல்லியிருக்கா?”

சகாயராணி போனைக் காதிலிருந்து எடுக்காமலே கட்டிலை விட்டு இறங்கினாள்.

“எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லுங்க” என்றாள். டாக்டர் அதற்குள் கார்ச் சாவியை எடுத்திருந்தார்.