நிகராளுக்கு முடி கொட்டாது

சாயங்காலக் காப்பியைக் குடித்து முடித்ததும் சிகாமணி மொட்டை மாடிக்குப் போய்த் தன்னைத் தன் மனைவிக்கு அனுப்பிவைப்பான். தூத்துக்குடியில் அந்தத் தெருவில் இதை யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. பக்கத்து மாடியில் வடகம் காய்ந்துகொண்டிருக்கும். அதன் மேல் நிழல் விழாமல் ஓரமாக உட்கார்ந்து, காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் பதித்திருக்கும் வில்லையை அழுத்துவான். அன்றைக்கு அவன் பார்த்தது, கேட்டது, நினைத்தது, நினைத்துச் சொல்லாமல் விட்டது எல்லாம் ஒரு மனப்படியாகத் திரண்டு வானத்தில் ஏறும். தும்மல் வருவதற்கு முன்னால் மூக்கில் ஓர் அரிப்பு எடுக்குமே, அந்த அளவுக்குத்தான் தொந்தரவு.

மனப்படி போய்ச் சேருகிற இடம் செவ்வாய்க் கிரகத்துச் செந்நகர். அங்கே பனிச்சுரங்கத்தில் தண்ணீர் பிரிக்கும் பிரிவில் அவன் மனைவி ஜெயக்கனிக்கு வேலை. கல்யாணம் முடிந்த கையோடு கப்பலேறிவிட்டாள். புருஷனை வரவழைத்துக்கொள்ள அவள் போட்ட துணைவர் மனு, செந்நகரின் குடிபுகல் துறையில் பத்திரமாக இருந்தது. யாரும் தொடாததால் அவ்வளவு பத்திரம்.

முன்பெல்லாம் கல்யாணம் மெய்தானா என்று பார்க்கத் துறை ஆல்பம் கேட்டுக்கொண்டிருந்தது. மாலையும் கழுத்துமாக நின்று வெட்கப்படுவதற்கு வாடகைக்கே ஆள் கிடைக்க ஆரம்பித்ததும், சலித்துப்போய் நிகராளைக் கொண்டுவந்தார்கள். வர வேண்டிய துணைவரின் அதே உயரம், அதே முகம், அதே குரலில் ஓர் இயந்திர ஆள். மனு முடிவாகும்வரை அது மனுப் போட்டவரோடு ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தும். நாள்தோறும் நிஜ ஆளின் மனப்படி அதற்குள் ஏற்றப்படும். இரண்டு பேரும் சேர்ந்து வாழ்கிற அழகைத் துறை பார்த்துக்கொண்டே இருந்து, திருப்திப்பட்டால் விசா கொடுக்கும். குடித்தனம் என்றால் எல்லாவிதமான குடித்தனமும் அல்ல என்று விதிமுறையில் ஒரு முழுப் பத்தி இருந்தது. சிகாமணிக்கு அந்தப் பத்தி மனப்பாடம். தூக்கம் வராவிட்டால் அதைத்தான் சொல்லிக்கொள்வான்.

இன்னொரு சலுகையும் உண்டு. மனிதனுக்கு மானம் என்று ஒன்று இருப்பதால், நாளுக்கு ஏதாவது ஒரே ஒரு விஷயத்தை மனப்படியிலிருந்து மறைத்துக்கொள்ளலாம்.

கனியோடு பேசுவது அவ்வளவு சுலபமாக இல்லை. “சாப்பிட்டியா கனி?” என்று இவன் கேட்டால், கேள்வி அங்கே போய்ப் பதில் இங்கே திரும்புவதற்குள் ஒரு குக்கர் சோறு வெந்து இறங்கிவிடும்.

“சாப்பிட்டேன். நீங்கதான தோசை சுட்டுத் தந்தீங்க.”

“நான் எங்கட்டி சுட்டேன்?”

இன்னொரு குக்கர்.

“இங்க இருக்க நீங்க. நல்ல முறுகலா, ஓரம் செவக்கச் செவக்க. உங்களுக்குத் தோசை சுட வரும்னு எனக்குத் தெரியவே தெரியாதுங்க.”

சிகாமணிக்கும் தெரியாது. அவன் அப்பா அய்யாத்துரை அடுக்களையில் தோசை வார்ப்பதைப் பார்த்துக்கொண்டே தின்று வளர்ந்தவன் அவன். பார்த்ததை வைத்துக்கொண்டு சுடவும் செய்யலாம் என்ற யோசனை நிகராளுக்குத்தான் வந்திருக்கிறது.

அன்றிலிருந்து அவனுக்கு நெஞ்சுக்குள் ஏதோ கருக ஆரம்பித்தது. பொறாமை அவனுக்குப் புதிதல்ல. அவனைப் போல மனுப் போட்டுக் காத்திருந்தவர்கள் கூடும் டீக்கடையில், தனக்குப் பின்னால் மனுப் போட்ட ஏசுவடியானுக்கு முதலில் விசா வந்து அவன் எல்லோருக்கும் மக்ரூன் வாங்கிக் கொடுத்தபோது, சிகாமணி கைகுலுக்கி வாழ்த்திவிட்டு இரண்டைத் தின்றான். இரண்டும் கசந்தன. ஆனால் அடுத்தவனைப் பார்த்து வயிறெரிவதில் ஒரு நியாயம் இருக்கிறது. தன்னைப் பார்த்தே வயிறெரிகிறவன் யாரிடம் போய்ச் சொல்வான்?

கனி அனுப்பும் படங்களை அவன் விரல்களால் இழுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பான். காய்கறிக் கூடாரத்தில் நிகராள் அவள் பையைச் சுமந்துகொண்டு நிற்கிறது. அவள் எதற்கோ சிரிக்கிறாள். நிகராளின் உருவம் மனுவோடு கொடுத்த கல்யாணப் படத்தைப் பார்த்துச் செய்தது. அதனால் அதன் தலையில் கல்யாணத்தன்றைக்கு இருந்த முடி முழுசாக அப்படியே இருந்தது. சிகாமணியின் முடியோ காத்திருந்து காத்திருந்து குளியலறைச் சல்லடையோடு போய்க்கொண்டிருந்தது.

“யாரப் பாத்துலே இப்படி மொறைக்க?” என்பார் அய்யாத்துரை.

“என்னையத்தான்பா.”

அய்யாத்துரை துறைமுகத்தில் பளுதூக்கி ஓட்டி ஓய்வுபெற்றவர். மனைவி இறந்த பிறகு அவருக்கு இருந்த இரண்டு துணைகள் மகனும் கேரம் போர்டும். மாலையானால் போர்டைத் துடைத்து, பவுடர் தூவி, காய்களை நடுவில் அடுக்கி வைத்துக்கொண்டு கூப்பிடுவார்.

“ஏலே சிகா, ஒரு ஆட்டம் போடுவமா?”

“நாளைக்குப் பாக்கலாம்பா.”

படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே அவன் இதைச் சொல்வான். அய்யாத்துரை வலது கையால் தன் ஆட்டத்தை ஆடிவிட்டு, போர்டைச் சுற்றிக்கொண்டு போய் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, இடது கையால் மகனுடைய ஆட்டத்தையும் ஆடுவார். பெரும்பாலும் மகனை ஜெயிக்க விடுவார். அதைக் கனி பார்த்தால் என்ன நினைப்பாள் என்று சிகாமணிக்குக் கூச்சமாக இருக்கும். ஆகவே நாளுக்கு ஒன்று என்ற மறைப்புச் சலுகையை அவன் தவறாமல் அதற்கே செலவழித்தான். அப்பா கூப்பிட்டதும் தான் மறுத்ததும் மனப்படியில் ஏறுவதே இல்லை.

சலுகையை அங்கே செலவழித்ததால் பொறாமை மறைக்கப்படாமல் போயிற்று. அவனுக்கு இது தோன்றவே இல்லை. வில்லையை அழுத்தும்போதெல்லாம் கருகின நெஞ்சும் சேர்ந்தே செந்நகருக்கு ஏறிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் கனியின் குரல் வேறு மாதிரி வந்தது.

“உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். நேத்து உங்ககூடப் பேசிட்டு வச்சேன்லா, உடனே நீங்க மூஞ்சத் தூக்கி வச்சுக்கிட்டீங்க. இங்க உள்ள நீங்க. முடி கொட்டுன ஒருத்தன்கிட்ட என்ன அவ்வளவு சிரிப்புன்னு கேக்கீங்க. நான் என்ன பதில் சொல்ல?”

சிகாமணிக்கு ரத்தம் தலைக்கேறியது. “அவன் யாரு கேக்கதுக்கு? நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல அவனுக்கு என்ன வேலை?”

குக்கர் வெந்தது.

“அதேதாங்க. இதே வார்த்தையத்தான் அவரும் சொல்லுதாரு. நீங்க ரெண்டு பேரும் சேந்து என்னையப் பைத்தியமாக்கப் போறீங்க.”

அதன் பிறகு அழைப்புகள் குறைந்தன. கனி பேச உட்கார்ந்தால் நிகராள் பின்னால் பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்கும். சிகாமணி தோசைச் சட்டியைப் பற்றி ஒரு வார்த்தை குத்தலாகச் சொன்னால் மறுநாள் அதற்குப் பதில் குத்தல் வரும். நேர்முக விசாரணைக்கு அழைப்பு வந்தபோது, இந்தக் கூத்தைப் பார்த்தால் மனு ஒழிந்தது என்றே அவன் முடிவுகட்டினான்.

விசாரணை அலுவலர் திரையில் தோன்றினார். அவர் பேசியதை மொழிபெயர்ப்பி அச்சுத்தமிழில் ஒப்பித்தது.

“ஐயா, தங்கள் கோப்பை ஆராய்ந்தோம். தொடக்கத்தில் தங்கள் இல்லறத்தில் சண்டையே இல்லை. நிகராள் தோசை வார்த்தது, அம்மையார் நன்றி நவின்றார். இத்தகைய மரியாதை உண்மையான தம்பதியரிடம் காணப்படுவதில்லை. எனவே மோசடி என ஐயுற்று மனுவை ஒதுக்கி வைத்தோம். அண்மைக் காலமாக நிகராள் கடும் பொறாமையால் வாடுகிறது. தங்களிடமும் அதே அளவு காணப்படுகிறது. பொய்யான மணத்தில் எவரும் பொறாமைப்படுவதில்லை. மனு ஏற்கப்பட்டது.”

ஆக, அந்த முடிக்காரன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டதால்தான் தனக்கு விசா. இதற்காகவும் சிகாமணிக்கு அவன்மேல் கோபம் வந்தது.

இன்னொரு விதியை அலுவலர் கடைசியில் சொன்னார். ஓர் ஆள் ஒரு கிரகத்தில் இரண்டாக இருக்கக் கூடாது. இவன் அங்கே கிளம்பும் அதே நாளில் நிகராள் இங்கே கிளம்பும், இவன் விட்டுவந்த அதே விலாசத்துக்கு. வைத்துக்கொள்வதும் பழைய இரும்புக்குப் போடுவதும் வீட்டார் விருப்பம்.

“பழைய இரும்புக்கே போடுங்கப்பா,” என்றான் சிகாமணி, பெட்டியை அழுத்தி மூடிக்கொண்டே.

“சரிலே,” என்றார் அய்யாத்துரை. பிறகு, “நாளைக்குக் கப்பலேறணும்லா. இன்னைக்கு ஒரு ஆட்டம் போடுவமா?”

அவன் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அவர் வந்து பூட்டை அழுத்திப் பிடித்தார்.

பாதி வழியில் இரண்டு கப்பல்களும் ஒன்றையொன்று கடந்தன. மற்றவர்கள் தூங்க, சிகாமணி மட்டும் சன்னலில் முகத்தைப் பதித்து விழித்திருந்தான். தொலைவில் ஒரு வெளிச்சப் புள்ளி எதிர்த்திசையில் நகர்ந்தது. அவன் அதைப் பார்த்து நாக்கைத் துருத்தினான். அந்தக் கப்பலிலும் ஒருவன் விழித்திருந்து இதையே செய்திருப்பான் என்பதில் அவனுக்குச் சந்தேகமில்லை.

செந்நகரில் கனி அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு அவன் தலையைத் தடவிப் பார்த்துச் சிரித்தாள். அவனுக்கு அது போதுமாக இருந்தது. கொஞ்ச நாளைக்குப் போதுமாக இருந்தது.

“அவரு துண்டக் கொடியில போடுவாரு,” என்றாள் கனி, கட்டிலில் கிடந்த ஈரத் துண்டை எடுத்துக்கொண்டே.

“எவரு?”

“சரி, விடுங்க.”

சிகாமணி தோசை சுடக் கற்றுக்கொண்டான். இரண்டாவதே முறுகலாக வந்தது. அவனுக்கும் சுரங்கத்தில் குழாய்களைக் கவனிக்கிற வேலை கிடைத்தது. முடிக்காரனின் நினைவு மெல்ல மங்கி, ஒருவழியாகப் பொறாமை அடங்கிவிட்டது என்று அவன் நம்பத் தொடங்கிய வேளையில் அப்பாவின் அழைப்பு வந்தது.

“பய வந்து சேந்துட்டாம்லே,” என்றார் அய்யாத்துரை. குரலில் ஒரு துள்ளல். “இரும்புக்குப் போடலாம்னுதான் பாத்தேன். வாசல்ல செருப்பக் கழட்டிட்டு உள்ள வந்தான். போர்டப் பாத்ததும், ‘யப்பா, எம்புட்டு நாளாச்சு நாம ஆடி, ஏன் என்னையக் கூப்பிடவே மாட்டங்கீங்க’ன்னு கேக்கான். நான் என்னத்தச் சொல்ல? உக்காந்துட்டேன். தெனமும் ஆட்டந்தான். தோசை வேற சுடுதான். உன்னைய விட நல்லாச் சுடுதான்.”

சிகாமணிக்குப் புரிந்தது. அவன் ஒவ்வொரு நாளும் மறைத்த விஷயம் நிகராளுக்குள் ஏறவே இல்லை. அதற்குத் தெரிந்த சிகாமணி அப்பாவிடம் ஒருநாளும் மாட்டேன் என்று சொன்னதில்லை.

“யப்பா, அது நான் இல்ல. அது மெசினு.”

பதில் வர நேரமானது. அதற்குள் அங்கிருந்து ஒரு குரல் தொலைவில் கேட்டது, அவனுடைய குரல்: “யப்பா, உங்க ஆட்டம்.”

“தெரியும்லே,” என்றார் அய்யாத்துரை. “நீ வருத்தப்படாத. நீ அங்க வேலையா இருப்ப. இங்கதான் நீ இருக்கியே. வைக்கட்டா? ரெட் விழப் போகுது.”

அன்றிரவு சிகாமணி படுக்கையில் புரண்டான். பெண்டாட்டியைத்தான் அந்த முடிக்காரன் இவ்வளவு நாள் வைத்திருந்தான், இப்போது அப்பாவையும் பிடித்துக்கொண்டான். விடிந்ததும் கனியைக் கூட்டிக்கொண்டு குடிபுகல் துறைக்குப் போய்ப் பெற்றோர் மனுப் போட்டான்.

“அப்பா மேல உங்களுக்கு இவ்வளவு பாசமா?” என்றாள் கனி.

“பின்ன?” என்றான் சிகாமணி. அவள் அவன் முகத்தையே பார்த்தாள். அவளுக்கு அந்த மூஞ்சி நன்றாகத் தெரியும். இரண்டு பேரிடமும் பார்த்திருக்கிறாள்.

அய்யாத்துரை முதலில் தயங்கினார். “நான் அங்க வந்துட்டா இவன் யாருகூட ஆடுவான்?” மகன் விடாமல் நச்சரித்ததும், “சரி, நீ கேட்டு நான் எதுக்குலே மாட்டேன்னிருக்கேன்,” என்று காதுக்குப் பின்னால் வில்லை பதித்துக்கொண்டார். பெற்றோர் மனுவின் வரிசை துணைவர் மனுவின் வரிசையை விட நீளம். அதுவரை ஆறுதலாக இருக்கட்டும் என்று துறை அய்யாத்துரையின் நிகராளை அனுப்பிவைத்தது. நரைத்த மீசை, பளுதூக்கி ஓட்டிய தழும்பேறிய கைகள், கக்கத்தில் ஒரு கேரம் போர்டு.

முதல் நாள் இரண்டு ஆட்டம் ஆடினார்கள். செவ்வாயின் குறைந்த ஈர்ப்புக்குக் காய்கள் நிற்காமல் வழுக்கிக்கொண்டு ஓடின. இரண்டு பேரும் தரையில் தவழ்ந்து பொறுக்கிச் சிரித்தார்கள். கனி அதைப் படமெடுக்க, சிகாமணி அந்தப் படத்தைத் தூத்துக்குடிக்கு, குறிப்பாக அந்த முடிக்காரன் கண்ணில் படும்படி அனுப்பினான். மறுநாளே முடிக்காரனிடமிருந்து ஒரு படம் வந்தது. அப்பாவும் அவனும் போர்டுக்கு இரு பக்கமும், நடுவில் ஒரு தட்டு மக்ரூன்.

சிகாமணி அதை விரல்களால் இழுத்துப் பெரிதாக்கினான். அப்பாவின் முகத்தில் அந்தச் சிரிப்பு எவ்வளவு பெரியது, நேற்று இங்கே இருந்ததை விடப் பெரியதா? அந்த மக்ரூன் எந்தக் கடையில் வாங்கியது? அப்பாவின் தோளில் அவன் எதற்காகக் கை போட்டிருக்கிறான்?

வேலை முடிந்து வந்த பிறகெல்லாம் அந்தப் படங்களைப் பார்ப்பது அவனுக்கு வழக்கமாயிற்று. முடிக்காரன் நாள் தவறாமல் அனுப்பிக்கொண்டிருந்தான். அப்படி ஒரு மாலையில் சிகாமணி படத்தைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தபோது, அறையின் மூலையில் பவுடர் வாசம் வந்தது. போர்டைத் துடைத்துக் காய்களை நடுவில் அடுக்கிய கை ஒரு கணம் நின்றது.

“ஏலே சிகா, ஒரு ஆட்டம் போடுவமா?”

“நாளைக்குப் பாக்கலாம்பா,” என்றான் சிகாமணி, படத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

அப்பாவின் நிகராள் வலது கையால் தன் ஆட்டத்தை ஆடியது. பிறகு எழுந்து, போர்டைச் சுற்றிக்கொண்டு போய் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, இடது கையால் மகனுடைய ஆட்டத்தை ஆடத் தொடங்கியது.