முடிந்த பிறகும் ஓடுவது

கிளிப் முடிந்த பிறகும் படம் ஓடியது.

இரண்டே விநாடிதான். கண் சிமிட்டியிருந்தால் தவறவிட்டிருப்பாள். மதியத்திலிருந்து விடாமல் பெய்துகொண்டிருந்த மழையில் ஜன்னல் கண்ணாடி வியர்த்துக் கிடந்தது. வெளிச்சம் மானிட்டரில் விழக் கூடாதென்று இழுத்துவிட்டிருந்த தடித்த துணியிலிருந்து காயாத ஈரத்தின் வாடை வந்தது. மேசைக்கடியில் கம்ப்யூட்டரின் விசிறி சன்னமாக முனகிக்கொண்டிருக்க, பக்கத்து அறையில் அம்மாவின் இருமல் எழுந்து, அடங்கி, மறுபடி எழுந்தது. எல்லாம் எப்போதும்போல் இருந்த அந்த அறையில், ஓட வேண்டாத இடத்தில் படம் மட்டும் ஓடிற்று.

கல்யாண வீடியோக்களையும் பள்ளி ஆண்டு விழாக்களையும் வெட்டி ஒட்டிக் குடும்பத்தை ஓட்டுகிறவள் அவள். பழைய கம்ப்யூட்டர் போன வாரம் உயிரை விட்டதும், வேலை தரும் ஸ்டுடியோக்காரர் தன்னிடமிருந்த ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, எடிட்டிங் சாஃப்ட்வேரின் புதுப் பதிப்பையும் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். புது சாஃப்ட்வேர் என்பது புது வாடகை வீடு மாதிரி. எந்த சுவிட்சைத் தட்டினால் எந்த விளக்கு எரியும் என்று பழகவே நாளாகும். அதனால் காலையிலிருந்து செட்டிங்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, பின்னணியைக் கண்ணை உறுத்தாத கருஞ்சாம்பலாக்கி, தானாகச் சேமித்துக்கொள்ளும் இடைவெளியைக் குறைத்து, கைக்குப் பழகிய ஷார்ட்கட்டுகளை ஒவ்வொன்றாகப் பொருத்திக்கொண்டிருந்தாள்.

முன்பெல்லாம் இந்த செட்டிங்ஸில் புகுந்து விளையாடுவது தம்பியின் வேலை. ஓர் இடத்தில் நிற்காமல் சுற்றுகிறவன் என்பதால் வீட்டில் அவனுக்குப் பம்பரம் என்று பெயர். கேமராமேன். அவள் குளிக்கப் போகிற நேரம் பார்த்து கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் டைம்லைன் முழுக்க ரோஸ் கலர் அடித்துவைத்துவிட்டு, "புதுப்பொண்ணு மாதிரி இருக்குல்லக்கா?" என்பான். அவள் ஸ்கேலைத் தூக்கிக்கொண்டு வீடெல்லாம் துரத்துவாள்.

பம்பரம் காணாமல்போன பிறகு வரும் இரண்டாவது மழைக்காலம் இது. விற்காத ஃபிளாட்டுகளுக்கு விளம்பர வீடியோ எடுக்கப் போனவன். ஆளில்லாத கட்டடத்தின் மேல்மாடியில் கேமரா ஸ்டாண்டில் நின்றபடியே கிடைத்தது. பை கிடைத்தது. வாசலில் கழற்றிப் போட்ட ஷூ கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை. "வயசுப் பையன். எங்கயாவது சொல்லாமக் கொள்ளாமப் போயிருப்பான்" என்று சொல்லிப் போலீஸ்காரர் பேனாவை மூடிவிட்டார்.

கேமராவில் கடைசியாகப் பதிவாகியிருந்தது இந்தக் கிளிப். காலியான ஹால். வெள்ளைச் சுவர். இடப்பக்கம் உள்ளறைக்குப் போகும் வாசல், இன்னும் கதவு பொருத்தாதது. பம்பரம் கேமராவுக்கு முன்னால் வந்து நின்று வெளிச்சம் பார்க்கிறான். யாரோ கூப்பிட்டதுபோல் தலையைத் திருப்புகிறான். அந்த வாசலுக்குள் போகிறான். ஹால் காலியாக நிற்கிறது. கேமராவின் மெமரி கார்டு நிறைந்து கிளிப் முடிகிறது. எத்தனை தடவை பார்த்திருப்பாளோ, அவளுக்கே கணக்கில்லை. எந்த மெஷினில் உட்கார்ந்தாலும் முதலில் இதைத்தான் ஓட்டிப் பார்ப்பாள்.

இன்றும் ஓட்டினாள். கிளிப் முடிந்தது. அதற்கு மேல் கறுப்பு வர வேண்டும். வரவில்லை. ஹால் அப்படியே நின்றது. உள்வாசலின் விளிம்பில் நான்கு விரல்கள் வெளியே வந்து சுவரைப் பற்றின.

படம் நின்றது. கர்சர் ஓடத் தொடங்கிய இடத்துக்கே துள்ளித் திரும்பியது.

காரணம் தேட நேரமாகவில்லை. செட்டிங்ஸில் ஒரு சின்னக் கட்டம் இருந்தது. வெட்டிய இடத்துக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று பார்க்க, முடிவைத் தாண்டிக் கூடுதலாக எத்தனை விநாடி ஓட்ட வேண்டும் என்று எடிட்டர்கள் சொல்லிவைக்கும் கட்டம். அதில் 2 என்று இருந்தது. அந்தப் பக்கம் எதுவும் இல்லையென்றால் வெறும் கறுப்பு ஓடும். அந்தக் கட்டத்தால் ஆகக்கூடியது அவ்வளவுதான்.

அவள் 2-ஐ அழித்து 10 என்று போட்டாள்.

விரல்கள் வந்தன. பிறகு முழங்கை. பிறகு பம்பரம். அன்று போட்டிருந்த அதே நீலச் சட்டை. ஆனால் அது தோளில் தொங்கியது. கன்னம் ஒட்டிப்போய், தாடி மார்புவரை மண்டியிருந்தது. உதடுகள் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தன. நேராக அவளைப் பார்த்தான்.

"அக்கா," ஸ்பீக்கரில் குரல் கரகரத்தது. "நிறுத்தாதக்கா."

நின்றது. கர்சர் துள்ளித் திரும்பியது.

நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "யாருடி பேசுனது?" என்று அம்மா பக்கத்து அறையிலிருந்து கேட்டாள்.

"பழைய வீடியோம்மா."

"பழசா?" அம்மாவின் இருமல் எழுந்து அடங்கியது. "தொண்டை கட்டுனாப்ல பேசுறானே. அவனுக்கு எப்ப தொண்டை கட்டுச்சு?"

கிளிப்பை ஸ்டுடியோக்காரருக்கு அனுப்பிவிட்டுப் போனில் கூப்பிட்டாள். அவர் பொறுமையாகத்தான் பார்த்தார்.

"கறுப்புத்தாம்மா வருது."

"விநாடிய ஏத்திப் பாருங்கண்ணே. நெறைய ஏத்துங்க."

"ஏத்திட்டேன். கறுப்புதான். கார்டு நெறஞ்சதுக்கப்புறம் எங்கேருந்தும்மா படம் வரும்?" குரலைத் தணித்துக்கொண்டார். "சாப்டியா நீ? பாரு, இன்னிக்கு வேலைய மூடி வச்சிட்டு அம்மாகூடப் போய் உக்காரு. அந்தக் கிளிப்ப இனிமே தொறக்காத. அண்ணன் சொல்றதக் கேளு."

"சரிண்ணே" என்று போனை வைத்தாள். கட்டத்தில் 60 என்று போட்டாள்.

இந்த முறை பம்பரம் பேசவில்லை. வாசலைவிட்டு வந்ததும் ஓடினான். கேமராவைத் தாண்டி மறைந்தான். வெறுங்கால்கள் சிமெண்டுத் தரையில் அறையும் சத்தம், ஒரு கதவு திறக்கும் சத்தம். ஹால் காலி. வெள்ளைச் சுவர். உள்வாசலுக்குள் இருட்டு.

பிறகு படம் லேசாக ஆடியது. ஹால் மெல்லச் சாய்ந்து, நிமிர்ந்தது. ஸ்டாண்டிலிருந்து கேமராவைப் பத்திரமாக யாரோ கழற்றுகிறார்கள். படம் திரும்பியது, கதவைக் கடந்தது, மாடிப்படிக்கு வந்தது. படிகளில் தம்பியின் முதுகு இறங்கி ஓடிக்கொண்டிருந்தது.

அவன் முதுகு படத்தில் இருக்கிறது. அப்படியானால் கேமரா யார் கையில்?

நின்றது. துள்ளித் திரும்பியது.

மறுபடி போட்டாள். விரல்கள் இந்தத் தடவை சுவரைப் பற்ற முடியாமல் வழுக்கின. மறுபடி. இப்போது நகங்களில் ரத்தம் இருந்தது. கேமராவைத் தாண்டும் முன் பம்பரம் நின்று, மூச்சிரைக்க, கேமராவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். "ஏங்க்கா திருப்பித் திருப்பி அங்கயே கொண்டுபோய் விடுற? என்னால முடியலக்கா."

அப்போதுதான் உறைத்தது. அவள் ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் அவன் புதிதாகத் தப்பித்து வருகிறான். படம் நிற்கும்போதெல்லாம் இவள்தான் அவனைத் திரும்ப அந்த அறைக்குள் தள்ளுகிறாள்.

"ஐயோ" என்று வாய்விட்டு அலறிவிட்டாள்.

செட்டிங்ஸைத் திறந்தாள். கட்டத்துக்குக் கீழேயே இருந்தது அந்த வரி: நின்றதும் தொடங்கிய இடத்துக்குத் திரும்பு. பக்கத்தில் ஒரு டிக். அதை எடுத்தாள். மூடினாள். சந்தேகத்தோடு திறந்தாள். டிக் இருந்தது. எடுத்தாள். இருந்தது. எல்லாவற்றையும் அழித்து, சாஃப்ட்வேர் வந்தபடியே ஆக்கி, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, முதலிலிருந்து தொடங்கி, முதல் வேலையாக அதை எடுத்தாள். மூடித் திறந்தாள். டிக் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. மேசையில் நெற்றியை முட்டிக்கொண்டாள். யாரிடம் போய்ச் சொல்வாள்? என்னவென்று சொல்வாள்?

மிச்சமிருந்தது ஒரே வழி. நிற்காமல் ஓட விடுவது. விநாடிக் கட்டத்தில், அது கொள்ளுமட்டும், ஒன்பதுகளாக அடித்தாள்.

ஓட்டினாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள். எதையும் தொடக் கூடாது.

பம்பரம் வந்தான், ஓடினான், கேமரா கழன்றது, படிகள். ஒரு மாடி, இன்னொரு மாடி, இன்னொன்று. கட்டடத்தைவிட்டு வெளியே வந்தான். வெளியே மழை. இன்றைய மழை, அதே சாய்வு, அதே சாம்பல் வெளிச்சம். குடைகளுக்கு இடையில் புகுந்து, பாலத்தடியில் தேங்கிய தண்ணீரைக் கலக்கிக்கொண்டு, பழக்கடை வண்டியில் இடித்துத் தடுமாறி ஓடினான். யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. கேமரா பின்னால் வந்தது. ஓடி வரவில்லை. ஆடவே இல்லை. லென்ஸில் ஒரு துளி மழை விழவில்லை. அவசரமே இல்லாத ஒரு நடையில் வந்தும், அவனுக்கும் அதற்கும் இருந்த தூரம் கூடவே இல்லை.

குறைந்துகொண்டு வந்தது.

"ஓடு," என்றாள் மானிட்டரிடம். "ஓடு தங்கம், ஓடு, ஓடு."

மருந்துக்கடை முக்கு. அவர்கள் தெரு. அவர்கள் வீட்டு மாடிப்படி. அவனுடைய பிடரி இப்போது பாதிப் படத்தை அடைத்தது. முடியிலிருந்து நீர் சொட்டுவது தெரிந்தது. கதவு. கை ஓங்கியது.

கதவு தட்டும் சத்தம் ஸ்பீக்கரிலும் கேட்டது. வீட்டிலும் கேட்டது.

அவளால் எழ முடியவில்லை. எழுந்தால், வயரில் கால் பட்டால், ஏதாவது ஆகிப் படம் நின்றுவிட்டால்? "அம்மா!" என்று கத்தினாள். "தம்பிம்மா! தொற! அவன உள்ள விட்டுட்டு ஒடனே சாத்து! ஒடனே!"

முழங்கால் வலியில் நாலு எட்டு வைக்கவே சுவரைப் பிடிக்கிற அம்மா ஓடுவது கேட்டது. மானிட்டரில் கதவு திறந்தது. தம்பியின் தோளுக்கு மேலே அம்மாவின் முகம் மலர்ந்தது. "எம்புள்ள! எம்புள்ள வந்துட்டான்டி!"

ஈரக் கால்கள் ஹாலைக் கடந்தன. அறை வாசலில் பச்சைச் சிமெண்டின் வாடை அடித்தது. அவளுடைய நாற்காலியின் முதுகை ஒரு கை பற்றியது. பார்வையை மானிட்டரிலிருந்து எடுக்காமலே தடவிப் பார்த்தாள். எலும்பு. சில்லிட்ட தோல். உடைந்த நகம். தம்பியின் கைதான், சின்ன வயதில் ரோடு தாண்டும்போது பிடித்துக்கொண்டு வந்த கை. அவள் உடைந்து அழுதாள்.

"வந்துட்டடா. வந்துட்ட."

"நிறுத்திடாதக்கா" என்றான். பல் கிட்டிப்போயிருந்தது. "நிறுத்துனா மறுபடியும் நான் அங்க போயிடுவேன்."

"மாட்டேன். மாட்டேன்டா. அம்மா! கதவச் சாத்திட்டியா?"

ஹாலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. சந்தோஷத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு, வந்தவர்களிடம் மட்டும் காட்டுகிற மரியாதையோடு.

"கூட ஒருத்தர் வந்திருக்காருடி. கையில கேமராவோட நிக்கிறாரு." பிறகு, வேறு பக்கம் திரும்பி: "வாங்கய்யா, உள்ள வாங்க. இவன இவ்ளோ தூரம் கூட்டிட்டு வந்துட்டு வெளியவே நிக்கிறீங்களே."

தாழ்ப்பாள் விழுந்தது. உள்பக்கம்.

தம்பியின் விரல்கள் அவள் தோளில் இறங்கின. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை.

மானிட்டரில் ஹால் நகர்ந்தது. அம்மாவின் கட்டில் நகர்ந்தது. இருட்டான ஓர் அறை வாசல். உள்ளே வெளிச்சமான ஒரு சதுரம். அதன் முன்னால் இரண்டு பிடரிகள்.

விரலை ஸ்பேஸ் பாருக்கு மேலே கொண்டுபோனாள். அழுத்தினால் படம் நிற்கும். பின்னால் வருவது போய்விடும். அவனும் போய்விடுவான்.

"அக்கா," என்றான் தம்பி, மூச்சாக. "வேண்டாங்க்கா."

விரல் இறங்கவில்லை.

அம்மா எதுவோ கேட்டாள்.

பிடரிகள் பெரிதாயின. தம்பியின் பிடரி ஓரமாய் விலகியது. இப்போது படம் முழுக்க அவளுடையது; பின்னலிலிருந்து பிரிந்த முடி, கழுத்தில் வியர்வை. மிகக் கிட்டே வந்ததால் எல்லாம் மங்கிக் குழம்பியிருந்தது.

அவள் காதுக்குப் பக்கத்தில், லென்ஸின் வளையத்தைக் கை ஒன்று நிதானமாகத் திருகும் சத்தம் கேட்டது.

படம் தெளிந்தது.