ஏழாவது அடுக்கு

சாயங்காலம் ஆண்டர்சன்பேட்டை போலீஸ் ஸ்டேஷனில் போன் அலறியது.

"என் ஷெட்ல ஒரு ஆளு செத்துக் கெடக்கறான்... வாங்க!"

பத்தே நிமிஷத்தில் ஜீப்பிலிருந்து குதித்தாள் இன்ஸ்பெக்டர் வாணி.

மூடிப்போன தங்கச் சுரங்கத்தின் சயனைடு மண்மேட்டோரம் ஒற்றைத் தகர ஷெட். சுற்றிலும் பூட்டிக் கிடக்கும் தொழிலாளர் லைன் வீடுகள். வாசலில் முதுகில் கத்தியோடு குப்புறக் கிடந்தவன் பரத்... பெங்களூர் கத்தி வியாபாரி!

போன் செய்தவர் டைட்டஸ். ஐம்பத்தெட்டு வயது. கத்திகளுக்குக் கைப்பிடி செய்கிறவர். மனைவி, மக்கள்... ஊஹூம், யாரும் இல்லை. மார்ச்சுவரியில்கூட இதைவிட ஜன நடமாட்டம் இருக்கும்!

"எப்பப் பார்த்தீங்க?"

"காலைல ஆறு மணிக்கே கோலார் போயிட்டேன் மேடம். இப்பத்தான் வந்தேன். பார்த்ததும் போன் போட்டேன். ஒன்னியும் தொடல."

மேஜைமேல் இரண்டு இரும்புத் தகடுகள், கிளாம்ப் போட்டு இறுக்கப்பட்டிருந்தன. நடுவில் துணி விளிம்புகள் பிதுங்கின.

"இது இன்னா?"

டைட்டஸின் முகம் மலர்ந்துவிட்டது. பாவம், இந்தக் கேள்வியை அவரிடம் இதுவரை யாருமே கேட்டதில்லை!

"கைப்பிடிக்கு மேடம்! பழைய சட்டை, ஜீன்ஸு... எது கெடைச்சாலும் பட்டையா வெட்டிக்குவேன். ரெசின் பசையையும் அதைக் கெட்டியாக்கற ஹார்ட்னரையும் கலந்து, ஒண்ணொண்ணா முக்கி, முப்பது அடுக்கு வெப்பேன். இறுக்கி ஒரு நாள் உட்டா... கல்லு! அப்பால அறுத்துத் தேய்ச்சா, உள்ள இருக்கற துணியெல்லாம் வரிவரியா தெரியும். அவ்ளோ அழகா இருக்கும்!"

"கலந்தா சூடாகுமா?"

"கப்புல மிச்சம் நின்னா கொதிக்கும்! ஒரு மணி நேரத்துல ஆறிக் கெட்டியாயிடும்."

வாணி மேஜைமேலிருந்த பிளாஸ்டிக் கப்பைத் தொட்டாள். வெடுக்கென்று விரலை இழுத்துக்கொண்டாள்.

சுட்டது!

"ஒன்னியும் தொடலன்னீங்களே... இதைக் கலந்தது யாரு? பேயா?"

டைட்டஸ் நகர்ந்து அந்தத் தகடுகளை மறைத்து நின்றார்.

வாணி கையுறை மாட்டி, கிளாம்ப்பைத் தளர்த்தினாள். ஈரம் காயாத அடுக்குகள் பிசுபிசுவென்று பிரிந்தன. ஜீன்ஸ்... ஜீன்ஸ்... ஜீன்ஸ்...

ஏழாவது அடுக்கு, வெள்ளைச் சட்டைத் துணி. அதில் உள்ளங்கை அகலத்துக்கு ரத்தம்!

"உங்க சட்டையா?"

"ஆமா மேடம். நாளைக்குப் போன் போட்டிருந்தா கல்லாயிருக்கும்... பொணத்தோட ஒரு ராத்திரி தனியா இருக்க முடியல."

"ஏன் கொன்னீங்க?"

அவர் கண்கள் நிறைந்தன.

"வாரம் ஒரு தபா வருவான். என்னோட பேசறது அவன் ஒருத்தன்தான். 'இனிமே கூரியர்ல அனுப்பு, நான் வர மாட்டேன்'னு சொன்னான். போவாதடான்னு கெஞ்சினேன் மேடம்... சிரிச்சுக்கினே திரும்பி நடந்தான்!"

வாணிக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. விலங்கை மாட்டினாள்.

ஜீப்பில் ஏறியதும் டைட்டஸ் மெதுவாகக் கேட்டார்.

"மேடம்... ஜெயில்ல ஒரு ரூம்ல எத்தினி பேரு?"

"எட்டுப் பேர் இடத்துல இருபது பேரு. ராத்திரியெல்லாம் பேசியே உசுர எடுப்பானுங்க!"

டைட்டஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப டிரைவரைக் கொஞ்சம் வேகமா ஓட்டச் சொல்லுங்க!"