மருதையன் வீட்டு உளி

"விடுங்க... கையை விடுங்கன்னா!"

வானதி கணவனின் இடது கை விரல்களை ஒவ்வொன்றாக நெம்பிக்கொண்டிருந்தாள். மோதிர விரலைப் பிரித்தால் சுண்டு விரல் போய் உளியின் பிடியைச் சுற்றிக்கொண்டது. சுண்டு விரலைப் பிரித்தால் மற்றவை இறுகின.

தியாகராசன் அவளைத் திரும்பியே பார்க்கவில்லை. கொட்டாப்புளியை அவள் பிடுங்கி மூலையில் எறிந்துவிட்டாள். அந்த மரச்சுத்தி போனால் என்ன? வெறும் உள்ளங்கையால் உளித் தலையில் அறைய ஆரம்பித்திருந்தான். தோல் கிழிந்து, பலாமரச் சீவல்களில் ரத்தம் தெறித்தது.

டொக். டொக்.

வெளியே ஐப்பசி மழை. கரண்ட் இல்லை. பட்டப்பகலிலேயே பட்டறை இருண்டு கிடந்தது. பலாமரத்தின் இனிப்பு வாசனையோடு, எங்கோ விறகு கருகும் நாற்றம்.

அடுப்பை அவள் இன்னும் பற்றவைக்கவேயில்லை.

வீணைக் குடம் குடைவதில் தஞ்சாவூரிலேயே அவன் கைக்கு ஒரு பெயர் உண்டு. குடத்தைத் தரையில் வைத்து, இரு பாதங்களாலும் அணைத்துக்கொண்டு, வளைந்த உளியால் உள்ளே குடைவான். நடுநடுவே விரலால் தட்டி, ஓசையை வைத்தே மரத்தின் கனத்தைச் சொல்வான். இன்று ஒரு தடவைகூடத் தட்டவில்லை. தவிர, குடத்தைத் தூக்கி மடியில் வைத்திருந்தான்.

வானதியே தட்டிப் பார்த்தாள்.

அப்பளம் மாதிரி ஓசை.

இன்னும் கொஞ்ச நேரம்தான். அடி மரம் கிழியும். அப்புறம் அவன் தொடை.

அந்த உளி மருதையனுடையது. போன மாதம் செத்துப்போன ஆள். அடுத்த தெருவில் அவரும் குடம் குடைந்தவர்தான். அவர் மனைவி கமலாம்பாளிடமிருந்து நேற்றுதான் இவன் வாங்கி வந்தான். அந்தப் பிடியில் ஓர் அகலமான கட்டைவிரல் பதிந்த பள்ளம் இருப்பதை இப்போதுதான் வானதி கவனித்தாள்.



குடைகிறவன் செத்தால் உளியின் பிடியைக் கழற்றி அவனோடு சிதையில் வைக்க வேண்டும். இரும்பு மட்டும்தான் அடுத்த கைக்குப் போகலாம். அவர்கள் ஆட்களில் அது சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

போனை எடுத்தாள். "அக்கா, பிடியோடயா கொடுத்தீங்க? ஓடி வாங்க!"

கமலாம்பாள் குடைகூட இல்லாமல் நனைந்துகொண்டு வந்தாள். வாசற்படியில் அப்படியே நின்றாள்.

"ஐயோ, மடியிலயா வெச்சிருக்காரு?"

"ஏன்க்கா?"

"மாரடைப்புன்னு ஊருக்குச் சொன்னோம். அவருக்கும் தொடையிலதான்மா இறங்கிச்சு..."

டொக். குடத்தின் அடியில் நூல் போல ஒரு விரிசல் ஓடியது.

"விரலை விடு, வானதி! இரும்பைப் பிடிச்சு இழு!"

முந்தானையை நாலாக மடித்து, உளியின் கழுத்தைப் பிடித்து, சுவரில் காலை ஊன்றி இழுத்தாள். துணி கிழிந்தது. உள்ளங்கை எரிந்தது. பல் பிடுங்குவதுபோல் ஒரு சத்தத்தோடு இரும்பு பிடியை விட்டுக் கழன்று வந்தது.

தியாகராசனின் விரல்கள் தாமாகவே விரிந்தன. பிடி தரையில் உருண்டது.

அவனைக் கூடத்தில் படுக்க வைத்துக் கையில் கட்டுப் போட்டாள். பிடியை அடுப்பில் போட்டுக் கடைசிப் பொறிவரை எரித்தாள். அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது.

"சிதையில வைக்கக்கூடவா நேரமில்ல உங்களுக்கு? என் தாலிக்கே உலை வெச்சிருப்பீங்களே!"

கமலாம்பாள் ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டே நின்றாள்.

கூடத்திலிருந்து தியாகராசனின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. "அவங்களைத் திட்டாத. வெறும் இரும்பைத்தான் கொடுத்தாங்க. புதுப் பிடி நான்தான் போடணும்னு இருந்தேன். காலையில பையைத் திறந்தா... பிடி இருந்துது."

அடுப்பில் சாம்பல் சரிந்தது.

"பிடியை அவரு கையிலயே வெச்சுத்தான் எரிச்சோம்," என்றாள் கமலாம்பாள் மெதுவாக. "பால் தெளிச்சுட்டு வந்து பாத்தா இரும்புல மாட்டியிருக்கு. அடுப்புல போட்டேன். திரும்ப வந்துது. ஆத்துல விட்டேன். வந்துது."

"தெரிஞ்சேவா எங்களுக்குக் கொடுத்தீங்க?"

"என் பையன் அறிவுமதி கம்ப்யூட்டர் படிக்கிறவன்டி. ஒரு மரத்தைத் தொட்டதில்ல. அன்னிக்கு சோத்துல கை வெச்சவன் எழுந்து போயி அதை எடுத்து மடியில வெச்சுக்கிட்டான். நான் என்ன பண்ணுவேன், சொல்லு?"

அறைய ஓங்கிய கை வானதிக்கு அந்தரத்திலேயே நின்றது.

டொக்.

சத்தம் பட்டறையிலிருந்து வந்தது.

இருவரும் எட்டிப் பார்த்தார்கள். ஆளில்லை. சீவல் குவியலின் மேல் உளி கிடந்தது.

பிடியோடு.

வானதி குனிந்தாள். அகலமான அந்தப் பள்ளத்தை ஒட்டி இன்னொரு பள்ளம் புதிதாகப் பதிந்திருந்தது. அதன் குறுக்கே கோணலாய் ஒரு தழும்புக்கோடு. தியாகராசனின் இடது கட்டைவிரலில், கல்யாணத்துக்கு முன்பு இழைப்புளி சீவிய இடத்தில், அதே கோடு.

கூடத்தில் பாய் சரசரத்தது. அவன் எழுந்து உட்கார்ந்திருந்தான். கண்கள் மூடியே இருந்தன. இடது கை மட்டும் எதையோ தேடித் தரையைத் தடவிக்கொண்டிருந்தது.

வானதி சத்தமில்லாமல் அலமாரியிலிருந்து பழைய செய்தித்தாளை எடுத்தாள். உளியைத் துணியால் பிடித்து, தாளில் வைத்து, இறுக்கிச் சுற்றினாள்.

பிறகு கமலாம்பாளின் காதருகில் குனிந்தாள்.

"அக்கா... திருவிடைமருதூர்ல தவில் கட்டை குடையற ஒருத்தர் இருக்காரே, அவர் வீடு எங்க இருக்கு?"