கூடுதலாக ஒரு ரத்தக்குழாய்

ஒச்சாயியின் வலது நுரையீரலில் ரத்தக்குழாய் ஒன்று கூடுதலாக இருந்தது. அரிவாள் போல வளைந்து அது கீழே இறங்குவதைத் திரையில் பார்த்த டாக்டர் ஹரிநாராயணன் உதட்டைப் பிதுக்கினார். சிலருக்குப் பிறவியிலேயே இப்படி இருக்கும். இதற்காக இந்தச் சனம் உசிலம்பட்டியில் பஸ் ஏறி வந்து, மத்தியான வேளையில் மதுரை கே.கே. நகர் ஸ்கேன் சென்டரின் ஏசி அறையை வேர்வை நாற அடிக்க வேண்டுமா?

அவள் புருசன் மருது கதவோரம் நின்றான். படுத்தால் நெஞ்சுக்குள் ஏதோ ஊர்கிறது என்று அவள் அழுவதாகச் சொன்னான்.

"நானும் நம்பலைய்யா. நெஞ்சுல காதை வச்சேன். எனக்கும் கேக்குது."

"அப்ப நீயே வைத்தியம் பாத்துக்க. இங்க எதுக்கு வந்த?" என்று அவனை அனுப்பிவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் எழுதினார் ஹரிநாராயணன்.

அடுத்துப் படுத்தவர் கப்பலூரில் கம்பெனி வைத்திருப்பவர். அவருக்கும் அதே குழாய். அதே வளைவு. நுனி மட்டும் இன்னும் கீழே இறங்கியிருந்தது. முந்தின படத்தையே ஏற்றிவிட்டதாக டெக்னீசியன் சாய்குமாரை ஹரிநாராயணன் கண்டபடி ஏசினார். அவன் மறுபடி எடுத்தான். இந்தத் தடவை குழாய் விலாவைத் தாண்டி, தோலையும் தாண்டி, உடம்புக்கு வெளியே இருட்டில் நீண்டிருந்தது.

மிஷின் கோளாறு. வேறென்ன? கம்பெனிக்காரரை அனுப்பிவிட்டு, காலி மேசையை ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொன்னார்.

"வேணாம் சார்," என்றான் சாய்குமார்.

"படிச்சவன்தானடா நீ? தள்ளு."

அவரே உட்கார்ந்து பொத்தானை அழுத்தினார். கண்ணாடிக்கு அப்பால் மேசை வளையத்துக்குள் நகர, சுழலும் மிஷினின் இரைச்சல் ஏறி, ஏசியின் உறுமலை விழுங்கி, பல்லைக் கூசவைத்து, பிறகு மெல்ல மெல்ல அடங்கியது. சூடேறிய பிளாஸ்டிக் வாடையோடு பச்சை ரத்தத்தின் கவிச்சியும் வந்தது. திரையில் மேசையின் மெல்லிய கோடு. அதன் மேல் உடம்பில்லை. எலும்பில்லை. நுரையீரல் இல்லை.

குழாய்கள் மட்டும். வெள்ளையாக. கிளைவிட்டுக் கிளைவிட்டு.

எடுத்து முடித்த படம் அசையாது. இது அசைந்தது. விரிந்தது. சுருங்கியது. பின்னால் கதவு திறந்து மூடிக்கொண்டது. சாய்குமார் போய்விட்டான்.

தன் மூச்சோடு அது ஒத்துப்போவதை ஹரிநாராயணன் கவனித்தார். மூச்சைப் பிடித்தார்.

அதுவும் நின்றது.

சீ, என்று சிரிக்கப் பார்த்தார். வாய் திறக்கவில்லை. காற்றை இழுத்தார். வரவில்லை.

திரையில் குழாய்கள் நிதானமாக விரிந்தன.

அதற்குப் பிறகுதான் அவர் நெஞ்சு விரிந்தது.