கால் மாற்றும் வளைவு

மழை விட்ட பிற்பகலில் பூட்டைத் திறந்து ஷெட்டுக்குள் நுழைந்தேன். ஈர இரும்பும் டீசலும் கலந்த வாடை. எஞ்சின் நின்ற இடத்திலேயே நின்றிருந்தது. வேறெங்கே போகும், கழுதை.

கழித்துக் கட்டப்பட்ட இந்தப் பழைய டீசல் ரயில் எஞ்சினோடு நானும் மச்சானும் வருடக்கணக்கில் மல்லுக்கட்டினோம். துருவைச் சுரண்டினோம், பிஸ்டன்களைக் கழற்றி மாட்டினோம், ஒயர்களை மாற்றினோம். என் மனைவி போன பிறகு அவள் தம்பிதான் எனக்கு எல்லாம். போன கோடையில் அவனும் போய்ச் சேர்ந்தான். அதன்பிறகு வீட்டில் என் இருமல் சத்தம் மட்டும்தான்.

இன்று சோதனை ஓட்டம். ஒழுங்காக ஓடினால் ஞாயிறுதோறும் இந்தப் பழைய பாதையில் பயணிகளை ஏற்றலாம். இல்லாவிட்டால் அருங்காட்சியகத்தார் வேலி போட்டுக் காட்சிக்கு நிறுத்திவிடுவார்கள். எனக்கும் போக்கிடம் இருக்காது.

"துணைக்கு ஆள் இல்லாம எப்படி விடறது?" என்று இழுத்தார் அருங்காட்சியக மேலாளர்.

"ஆள் வரட்டும்னு உக்காந்திருந்தா துருதான் பிடிக்கும் சார். நான் பாத்துக்கறேன்."

அரைமனதாகத் தலையாட்டினார்.

டிரைவரின் காலடியில் ஒரு பெடல் உண்டு. அதை மிதித்தபடியே ஓட்ட வேண்டும். காலை எடுத்தால் சில நொடிகளில் பிரேக் தானாகப் பிடிக்கும். ஓட்டுகிறவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் வண்டி நிற்பதற்கான ஏற்பாடு.

குளக்கரை வளைவில் என் ஜன்னலிலிருந்து பாதை தெரியாது. எஞ்சினின் நீண்ட முன்பகுதி மறைத்துவிடும். எதிர்ப்பக்க ஜன்னலுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். நாங்கள் இருவரும் டிரைவர்களாக இருந்த காலத்தில், அந்த இடம் வந்ததும் "கால் மாத்து" என்பேன். மச்சான் தன் காலைப் பெடலில் வைப்பான், நான் எழுவேன். அவ்வளவு பழகிப்போன வேலை.

எஞ்சின் உறுமிக் கிளம்பியது. மனசு கொஞ்சம் லேசானது. வளைவும் வந்தது.

"கால் மாத்து," என்றேன். எழுந்து எதிர்ஜன்னலுக்குப் போனேன்.

பாதை காலியாக இருந்தது. ஈரத் தண்டவாளம் மட்டும் பளபளத்தது.

அப்போதுதான் உறைத்தது.

வண்டி நிற்கவில்லை.

திரும்பிப் பார்த்தேன். இருக்கை காலி. பெடல் அடிவரை அமுங்கிக் கிடந்தது.

"மச்சான்?"

பொய் சொல்ல மாட்டேன், பயத்தோடு சந்தோஷமாகவும் இருந்தது. போய் உட்கார்ந்து, பழக்கப்படி பார்க்காமலேயே காலை நீட்டினேன்.

இரும்பு தட்டவில்லை.

தேய்ந்த செருப்பின் வழியே ஒரு பாதம் தட்டுப்பட்டது. வெறுங்கால். சின்னது. சில்லென்று இருந்தது.

மச்சான் பூட்ஸ் இல்லாமல் எஞ்சினில் ஏறியதே இல்லை. அவன் கால் பெடலைவிடப் பெரிது.

இது அவன் இல்லை.

குனிந்து பார்த்தேன். என் கால் மட்டும் தெரிந்தது. பெடலைத் தொடாமல், இரண்டு விரல் உயரத்தில்.

நடைமேடையில் எப்படியோ வண்டியை நிறுத்தினேன். மேலாளர் சிரித்தபடி ஜன்னலருகே வந்தார்.

"பிரமாதம். ஞாயித்துக்கிழமையே ஆரம்பிச்சிடலாம். துணைக்கு மட்டும் ஒரு ஆளப் போட்டுடறேன்."

ஞாயிற்றுக்கிழமை குடும்பம் குடும்பமாக வருவார்கள். சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் எஞ்சின் வேலிக்குள் போகும், நான் என் வீட்டுக்குள் போவேன்.

"வேணாம் சார்," என்றேன். "நானே சமாளிச்சுக்கறேன்."

காலை இன்னும் நான் எடுக்கவில்லை. அதற்கு அடியில் அந்தச் சின்ன விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின.